கடனாளியைச் சுற்றிய கோடு: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் திவால் சட்டமும்

தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. செய்தே தீரவேண்டிய கடமை ஒன்று. திருப்பித் தரவேண்டிய பொருள் மற்றொன்று. புறநானூற்றில் இச்சொல் கடமை என்னும் பொருளில் வருவதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லாத ஆண்டில்லை. விடியலில் செய்வது காலைக்கடன். இறந்தார்க்குச் செய்வது நீர்க்கடன். தெய்வத்திற்கு நேர்ந்துகொண்டது நேர்த்திக்கடன். இவற்றிற்கும் வட்டிக்கு வாங்கிய பணத்திற்கும் நம் மொழி ஒரே பெயரை இட்டிருக்கிறது. ஆகவேதான் வாங்கிய பணத்தைத் திருப்ப இயலாமற் போவதை நம்மவர் பொருள் முடை என்று மட்டும் கருதுவதில்லை. ஒழுக்கக் குறை என்றே கருதிவிடுகின்றனர்.

இக்கருத்தின் விளைவைத் தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர் பலர் அறிவர். நீதிமன்ற முத்திரையிட்ட கடிதம் ஒன்று மலாய் மொழியில் வருகிறது. அதைப் படித்துச் சொல்லும்படி மாணவனின் தகப்பனார் பள்ளிக்கு எடுத்து வருகிறார். படித்துக் காட்டிய பின் அவர் தாழ்ந்த குரலில் கேட்பது ஒன்றே: “ஐயா, திவாலாகிப் போறதா? வேற வழி இருக்குங்களா?”

இதற்கு விடை கூற இன்றைய சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். அச்சட்டம் எதற்காகப் பிறந்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கடன் நடந்துவந்த வழியைப் பின்தொடர்ந்து சென்றால் இவ்விரண்டும் விளங்கும்.

மார்க்கோ போலோ கண்ட வழக்கம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இங்குக் கண்ட வழக்கம் ஒன்றைத் தம் பயண நூலில் விவரித்திருக்கிறார். பலமுறை கேட்டும் நாளை நாளை என்று தவணை சொல்லி வருபவனைக் கடன் கொடுத்தவன் வழியிற் கண்டால், அவனைச் சுற்றித் தரையில் வட்டமாக ஒரு கோடு கீறிவிடுவானாம். கடனைத் தீர்த்தாலன்றி, அல்லது தக்க பிணை தந்தாலன்றி, அவன் அக்கோட்டைத் தாண்டலாகாது. தாண்டினால் கடுந்தண்டனை. அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குக் கடன்பட்டிருந்த மன்னனே குதிரைமேல் வந்தபோது அவ்வணிகர் இவ்வாறு கோடு கீறினார் என்றும், மன்னன் கடனைத் தீர்க்கும்வரை அக்கோட்டுக்குள்ளேயே நின்றான் என்றும் அந்நூல் கூறுகிறது.

மன்னனும் சட்டத்திற்கு உட்பட்டவன் என்பதற்குச் சான்றாக இதனைக் காட்டுவது வழக்கம். இதில் நாம் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. கோடு கடனாளியின் பொருளைச் சுற்றிக் கீறப்படவில்லை. உடலைச் சுற்றிக் கீறப்பட்டது.

பண்டை உலகம் முழுவதும் இதுவே நிலை. ஏதென்சு நகரில் கடன் தீர்க்காதவன் அடிமையாக விற்கப்பட்டான், கி.மு. 594இல் சோலோன் என்னும் சட்ட அறிஞர், உடலை ஈடாக வைத்துக் கடன் வாங்குவதைத் தடை செய்தார். உரோமாபுரியிலும் கடனுக்காக மனிதனைக் கட்டிவைக்கும் முறை கி.மு. 4ஆம் நூற்றாண்டில்தான் ஒடுங்கியது. மலாய் நாடுகளிலும் கடனடிமை முறை இருந்தது. பேராக்கில் அது 1883இல் ஒழிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் கடனாளிகளுக்கெனத் தனிச் சிறைகளே இருந்தன. நாவலாசிரியர் சார்லசு டிக்கன்சின் தந்தையார் 1824இல் அத்தகைய சிறையொன்றில் அடைக்கப்பட்டார். ஆனால் அதே இங்கிலாந்தில் வணிகனுக்கு வேறு வழி இருந்தது. தன் சொத்தை எல்லாம் ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய கடனிலிருந்து விடுதலை பெறும் உரிமையை 1705ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்கு வழங்கியது. வணிகர் அல்லாதார்க்கு இவ்வழி 1861இல்தான் திறந்தது. 1869இல் கடனுக்குச் சிறை என்பது பெரும்பாலும் நீங்கியது. 1883இல் வந்த இங்கிலாந்துச் சட்டத்தைத் தழுவி, நீரிணைக் குடியேற்றங்களில் 1888இல் ஒரு திவால் சட்டம் இயற்றப்பட்டது.

ஆங்கிலச் சொல்லின் வேர், வணிகனின் பலகை முறிந்தது என்னும் பொருளுடைய இத்தாலியத் தொடர் என்பர். ‘திவால்’ வடக்கிலிருந்து நமக்கு வந்த சொல். நம் சொந்த வழக்கில் இதனை ‘நொடித்துப் போதல்’ என்கிறோம். சொல் எதுவாயினும் கொள்கை ஒன்றே: உடலைச் சுற்றியிருந்த கோட்டை அழித்து, அதைச் சொத்தைச் சுற்றிக் கீறுவது. “உள்ளதை ஒப்படை, உன்னை மீட்டுக்கொள்” என்பதே திவால் சட்டத்தின் சாரம்.

கப்பலேறி வந்த கடன்

இனி நெகிரி செம்பிலானுக்கு வருவோம். சுங்கை ஊஜோங் என்று வழங்கிய சிரம்பான் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் பெருகி விலை சரியவே, துரைமார் ரப்பருக்கு மாறினர். லிங்கி, ரந்தாவ், லாபு, நீலாய், தம்பின், பகாவ் எனப் பால்மரக் காடுகள் பரந்தன. பகாவில் டன்லப் நிறுவனத்தார் வைத்த கெடஸ் தோட்டம் பெயர்பெற்ற தோட்டங்களுள் ஒன்று.

இத்தோட்டங்களுக்கு வந்த தமிழருள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கரையில் இறங்கும்போதே கடனாளிகள். கப்பற்செலவும் முன்பணமும் அவர்கள் பெயரில் எழுதப்பட்டு, கூலியிலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்டன. ஒப்பந்தம் முடியும்வரை தோட்டத்தை விட்டு விலக உரிமையில்லை. விலகினால் அது வழக்காடித் தீர்க்கும் கணக்கு வழக்கன்று; குற்றம். ஓடிப்போனவன் பிடிபட்டால் அபராதமோ சிறையோ கிடைத்தது. பாண்டிய நாட்டு வட்டம் தோட்டத்தின் எல்லை அளவுக்குப் பெரிதாக்கப்பட்டது என்று கூறினால் மிகையாகாது.

சொத்தை ஒப்படைத்து விடுபடும் உரிமை ஏட்டளவில் எவர்க்கும் இருந்திருக்கலாம். ஒப்படைக்க ஏதும் இல்லாதவனுக்கு அவ்வுரிமையால் என்ன பயன்? லயத்து அறை தோட்டத்தினுடையது; உளியும் வாளியும் தோட்டத்தினுடையவை. அவனுக்கு இருந்த ஒரே வழி, இருட்டில் துணிமூட்டையுடன் வேறு தோட்டத்திற்கு ஓடிப்போவதுதான். பழந்தலைமுறையினர் சொல்லும் ‘ஓடிப்போன’ கதைகளைக் கோழைத்தனத்தின் கதைகளாகக் கேட்கலாகாது. சட்டம் தராத விடுதலையைக் கால்களால் தேடிக்கொண்ட கதைகள் அவை.

கோடு அழிந்த வரலாறு

அக்கடன் எவ்வாறு ஒழிந்தது என்பது நம் வரலாற்றில் போதிய அளவு எடுத்துரைக்கப்படாத செய்தி. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று சட்டத்தின்வழி நிறுவப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அனைவரும், அத்தொழிலாளர் செய்த வேலை நாட்களின் கணக்கிற்கேற்ப அந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். தாமே ஆள் திரட்டாத முதலாளியும் செலுத்த வேண்டும். கப்பற்செலவு இந்நிதியிலிருந்தே கொடுக்கப்பட்டது. ஆகவே உதவி பெற்று வந்த தொழிலாளி கப்பற்கடன் இல்லாமல் கரையிறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு விலகவும் அவனால் முடிந்தது.

முதலாளிகள் இதனை அருள் கூர்ந்து செய்தனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஒரு தோட்டம் செலவிட்டு வரவழைத்த ஆளை மற்றொரு தோட்டம் இழுத்துக்கொள்ளும் பூசல் ஓயாது நடந்தது. செலவைப் பொதுவாக்கினால் அப்பூசல் தணியும் என்று எண்ணினர். நோக்கம் எதுவாயினும் விளைவு தொழிலாளிக்கு நன்மையாயிற்று. 1910இல் இந்திய ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1913க்குள் முடிந்தன. 1920களின் தொடக்கத்தில், வேலையை விட்டுச் செல்வதைக் குற்றமாகக் கருதிய விதிகளும் நீங்கின. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும், மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இம்மாறுதலுக்கு அரணாயின.

இலங்கையோடு ஒப்பிட்டால் இதன் அருமை புலப்படும். அங்குத் தோட்டத் தொழிலாளியின் கடன் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டு, அவன் தோட்டம் மாறும்போது அவனுடனேயே சென்றது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி அவனைப் பெற்றுக்கொண்டது. கடன் குறையவில்லை, வளர்ந்தது. அம்முறையை ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. தலைமுறைகளை அழுத்திய கப்பற்கடன், தொழிலாளர் ஒவ்வொருவரும் நாணயத்துடன் கட்டித் தீர்த்ததால் மறையவில்லை. சுமை தவறான தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று கண்டு, சட்டம் அதை வேறு தோளுக்கு மாற்றியது. கட்ட முடியாத கடன் எல்லாம் கட்டாதவனின் குற்றம் என்னும் எண்ணத்தை நம் தோட்டங்களின் வரலாறே மறுக்கிறது.

பற்று ஏடும் கூட்டும்

கப்பற்கடன் போயிற்று, கடன் போகவில்லை. தோட்டத்துக் கடையில் பற்று ஏடு இருந்தது. கங்காணியிடம் கைமாற்று, திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் வட்டிக்கடன் என அது வேறு உருக்கொண்டது. 1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் எனக் கூலி நிர்ணயிக்கப்பட்ட தோட்டங்களில், உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அதுவும் குறைந்தது. 1925இல் இராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1932இல் 10 காசுக்கும் கீழே இறங்கியது. பல்லாயிரம் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இவ்விடரிலிருந்து மீள மக்கள் கண்ட வழிகளுள் கூட்டுறவு ஒன்று. 1922இல் மலாய்க் கூட்டு மாநிலங்களில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தபின், தோட்டத் தொழிலாளரிடையேயும் சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றின. மற்றொரு வழி, தமக்குள் சீட்டுச் சேர்ந்து மாதம் ஒருவர் எடுத்துக்கொள்ளும் ‘கூட்டு’. நடத்துபவர் நாணயம் தவறினால் அனைவரும் கெடுவர் என்பதால், கூட்டு நிதிகளைத் தடை செய்யும் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. ‘கூட்டு’, ‘சீட்டு’ என்னும் நம் சொற்களே அச்சட்டத்தின் விளக்கத்தில் இடம்பெற்றுள்ளமை தமிழாசிரியர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் பழைய தோட்ட வாழ்வின் தழும்புகளைக் காணலாம். பொதுவாக ஒரு மாதச் சம்பளத்திற்கு மேல் முன்பணம் தரலாகாது. முன்பணத்திற்கு வட்டி வாங்கலாகாது. மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடித்தம் செய்யலாகாது. மதுக்கடையிலும் சில்லறைக் கடையிலும் வைத்துச் சம்பளம் வழங்கலாகாது. இவ்விதிகள் ஒவ்வொன்றின் பின்னும் கடன்பட்ட குடும்பங்கள் நிற்கின்றன.

நிலமுடையாரும் நிலமிலாரும்

நெகிரி செம்பிலானுக்கே உரிய மற்றொரு செய்தியையும் இங்குக் கருத வேண்டும். இம்மாநிலத்தின் மலாய் மக்கள் அடாட் பெர்பாத்தே எனப்படும் தாய்வழி மரபைப் பின்பற்றுவோர். கோலப்பிலா, ரெம்பாவ் முதலிய வட்டாரங்களில் மூதாதையர் நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். 1909ஆம் ஆண்டின் மரபுநிலச் சட்டம், அந்நிலம் குலத்தை விட்டு வெளியே போகாதபடி காவல் செய்தது. 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. ரப்பர் விலை வீழ்ந்து சிறு நிலக்காரர்கள் கடனில் மூழ்கியபோது, அவர்கள் நிலங்கள் ஏலத்திற்குப் போவதைக் கட்டுப்படுத்த 1931இல் மற்றொரு சட்டம் பிறந்தது. பெரும்பாலும் நிலத்தை ஈடாகப் பெற்றே கடன் கொடுத்துவந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரை அது பாதித்தது. நிலம் போனால் குடி போகும் என்பதை அரசு உணர்ந்திருந்தது என்பதற்கு இச்சட்டங்கள் சான்று.

தோட்டத் தமிழனுக்குக் காக்க நிலமில்லை; எனவே காக்கும் சட்டமும் இல்லை. ஈடு வைக்கப் பொருளில்லாததால் பெருங்கடன் கொடுப்பாரும் அரியர். கடன் சிறியது, ஆனால் வட்டி பெரியது. திவால் நீதிமன்றத்தின் படியை அவன் மிதிக்காமைக்குக் காரணம் இதுவே.

ஆகவே திவாலைப் பற்றி நம்மவரிடம் பரவிய எண்ணம் வணிக உலகிலிருந்து வந்தது. சென்னையில் 1906 அக்டோபர் 22ஆம் நாள் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது எண்ணற்றோர் தம் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். அம்முறிவின் எதிரொலியாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. தமிழ்நாட்டில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்’ என்றும் ‘ஐ.பி. கொடுத்தவன்’ என்றும் சொல்லும்போது, பிறர் பணத்தை விழுங்கிவிட்டுச் சட்டத்தின் பின்னே ஒளிந்தவன் என்னும் பொருள் தொனிக்கிறது. வணிகன்மேல் எழுந்த அப்பழியைக் கூலிக்காரன் தன்மேல் ஏற்றிக்கொள்வது பொருந்துமா?

இன்றைய சட்டம்

தோட்ட வாழ்வு மாறிவிட்டது. 1990களில் நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல நகரங்களாயின. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் வீட்டுக்கடன், வாகனத் தவணை, கடன் அட்டை ஆகியவற்றின் உலகிற்குள் புகுந்தன. முதன்முறையாக அவர்களுக்கு ஈடு வைக்கப் பொருளும் கிடைத்தது. திவாலாகும் நிலையும் வந்தது.

இந்நாட்டுத் திவால் சட்டம் 1967இல் இயற்றப்பட்டது. கடன் கொடுத்தவர் ஒருவரைத் திவாலாக்கக் கோருவதற்கு வேண்டிய குறைந்த தொகை 2003இல் 30,000 ரிங்கிட்டாகவும், 2017 அக்டோபர் 6 முதல் 50,000 ரிங்கிட்டாகவும், 2021 செப்டம்பர் 1 முதல் 1,00,000 ரிங்கிட்டாகவும் உயர்த்தப்பட்டது. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அக்கணக்கில் ஒரு இலட்சம் என்பது ஏறத்தாழ 59 மாதச் சம்பளம். அத்தொகைக்குக் கீழ்ப்பட்ட கடனுக்காகத் திவாலாக்கிவிடுவோம் என்று மிரட்டுவோர் சட்டத்தில் இல்லாததைச் சொல்கின்றனர். ஆனால் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்றுப் பொருள்களை ஜப்தி செய்யும் வழி அவர்களுக்கு உண்டு.

2017ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் மூன்று நன்மைகளைக் கொணர்ந்தது. முதலாவது, தாம் ஆதாயம் பெறாமல் பிறருடைய கல்விக்கடனுக்கோ, சொந்த வாகனத்திற்கோ, குடியிருக்கும் வீட்டிற்கோ பிணைக் கையெழுத்திட்டவரைத் திவாலாக்க முடியாது. இரண்டாவது, திவால் ஆணை பிறக்குமுன் கடன் கொடுத்தவர்களுடன் தவணைத் திட்டம் பேசிக்கொள்ள நீதிமன்றத்தின் வழி 90 நாள் காப்பு உண்டு. மூன்றாவது, தம் சொத்து, கடன் விவர அறிக்கையை ஒப்படைத்து, விதித்த தொகையைச் செலுத்தி, கணக்குக் காட்டி வருபவர் அறிக்கை தந்த நாளிலிருந்து மூன்றாண்டில் தாமாகவே விடுதலை அடையலாம். 2023ஆம் ஆண்டுத் திருத்தம், தொகை செலுத்த இயலாத 70 வயதுக்கு மேற்பட்டோர் முதலியோரின் விடுதலையை எளிதாக்கியது.

எப்போது தகும்?

தகப்பனாரின் கேள்விக்கு இனி வருவோம். அவரிடம் ஆசிரியர் கேட்க வேண்டியவை நான்கு.

கடன் யாரிடம் வாங்கியது? உரிமம் இல்லாதவரிடம் வாங்கியதாயின் திவால் அதற்கு மருந்தன்று. அத்தகைய கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க இயலாது. வாசலில் வந்து மிரட்டுபவன் நீதிமன்ற ஆணையை மதிப்பவனும் அல்லன். அது காவல் நிலையத்திற்குரியது. உரிமம் பெற்ற வட்டிக்காரரும் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டிற்கும், ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காட்டிற்கும் மேல் வட்டி வாங்கலாகாது.

கடன் யாருடையது? தம்முடையதா, நண்பருக்காகவோ மைத்துனருக்காகவோ இட்ட கையெழுத்தா? பின்னதாயின் மேற்சொன்ன காப்பு பொருந்துமா என்று முதலில் நோக்க வேண்டும். தம்முடையதாயின், தாம் விலகினால் அச்சுமை எந்தப் பிணையாளியின் தோளில் விழும் என்பதையும் நோக்க வேண்டும்.

போவது எது, நிற்பது எது? திவாலானால் வீடு முதலிய சொத்துகள் திவால்துறைத் தலைமை இயக்குநரின் பொறுப்பிற்குச் செல்லும். தொழிற்கருவிகளும் உடுக்கை, படுக்கைகளும் சட்டம் குறித்த அளவுக்குட்பட்டு விலக்குப் பெறும். தொழிலாளர் சேமநிதிப் பணத்தில் கடன்காரர் கைவைக்க முடியாது. கம்பெனி இயக்குநராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ இருத்தல் இயலாது. தோட்டக் குடும்பத்தார்க்கு இவை பெரிய இழப்பல்ல. ஆனால் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேற முடியாது என்பது, சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றுவரும் மகனுக்குப் பேரிழப்பு. மார்க்கோ போலோ கண்ட கோடு முற்றும் அழியவில்லை. நாட்டின் எல்லையில் மெலிதாக இன்னும் இருக்கிறது.

சம்பளம் கடனை எட்டுமா? 30,000 ரிங்கிட் ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காட்டின்படி ஆண்டு வட்டி 5,400 ரிங்கிட்; மாதத்திற்கு 450. 1,700 ரிங்கிட் சம்பளத்தில் கால்பங்கிற்கு மேல் வட்டிக்கே போகும், முதல் அசையாது. வங்கிக்கடனாயின், நாட்டின் மத்திய வங்கி 2006இல் நிறுவிய கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே. தவணையை மாற்றியமைத்துத் தர உதவும். அங்குக் கணக்கிட்டுப் பார்த்துச் சில ஆண்டுகளில் கடன் தீரும் என்று கண்டால் திவால் வேண்டுவதில்லை. வீடு இருந்து, அதைக் காக்க இயலுமாயினும் வேண்டுவதில்லை. எவ்வளவு கட்டினாலும் முதல் குறையாது, காக்கச் சொத்துமில்லை, பிள்ளைகளின் உணவும் படிப்பும் வட்டிக்குப் போகின்றன என்னும் நிலையில், கடனாளி தாமே மனுச் செய்து ஒப்படைத்தல் தக்க வழியே. அதில் இழிவு இல்லை. வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு மனுச் செய்வதுதான் இழிவு. அம்மாற்றம் சட்டத்தின்முன் செல்லாமற் போகலாம். மோசடியால் வந்த கடன், விடுதலைக்குப் பின்னும் தீராது.

இந்நான்கையும் ஆசிரியரே தீர்ப்பளித்து முடிக்க வேண்டும் என்பதில்லை. கேட்டுக் குறித்து, தாளுடன் அவரைச் சிரம்பானிலுள்ள திவால்துறை அலுவலகத்திற்கோ வழக்கறிஞரிடமோ அனுப்பினால் போதும்.

தகப்பனாரின் கையில் உள்ள அக்கடிதத்திற்கு மீண்டும் வருவோம். அது பிரிக்கப்பட்டது என்பதே பெரிது. பழைய தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடினான். அவனுக்கு வேறு வாசல் இல்லை. இன்றும் ஓடுபவர் உளர். கடிதத்தைப் பிரிக்காமல் பரண்மேல் போடுவதும், தொலைபேசி எண்ணை மாற்றுவதும் ஓட்டமே. வழக்கு அவருக்காகக் காத்திராது. அவர் வாராமலே ஆணை பிறக்கும். விமான நிலையத்தில் தடுக்கப்பட்ட பின்னரே தாம் திவாலானதை அறிந்தவர்களும் உண்டு. மூன்றாண்டுக் கணக்கோ, அறிக்கையைக் கொடுத்த நாளில்தான் தொடங்குகிறது. ஒளிந்திருப்பவருக்கு அந்நாள் தொடங்குவதே இல்லை.

கடன் என்பதற்குக் கடமை என்னும் பொருளும் உண்டு என்று தொடக்கத்திற் கூறினோம். கட்ட முடிந்ததைக் கட்டுவது கடமை. முடியாதபோது உள்ளதை மறைக்காமல் எழுதி ஒப்படைப்பதும் கடமையே. ஓடிப்போனவனுக்கு நம் முன்னோர் காலத்தில் இருட்டு ஒன்றே துணையாக இருந்தது. பட்டப்பகலில் அலுவலகத்திற்குச் சென்று கணக்கை மேசைமேல் வைக்கும் உரிமை அவன் பேரனுக்குக் கிடைத்திருக்கிறது. அவ்வுரிமையை அவன் நாணித் தலைகுனிந்து இழந்துவிடாதபடி, கடிதத்தைப் படித்துக்காட்டும் ஆசிரியர் ஒரு சொல் கூட்டிச் சொல்லலாம்.